கொழுந்தையும் நுரையீரலையும் தாக்கும் பூசணங்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மூடுபனி வாரக்கணக்கில் மலைச்சரிவுகளை விட்டகலாது நிற்கும் நாட்களில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கவலை தலைகாட்டுவது வழக்கம். கடல் மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த இப்பகுதியில் அந்நாட்களில் வெயில் காண்பது அரிது. இலை காய்வதே இல்லை. அப்போது இளங்கொழுந்தின்மீது எண்ணெய் பட்டாற்போல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளிகள் தோன்றுகின்றன. சில நாட்களில் அப்புள்ளி இலையின் மேற்புறத்தில் குழிந்து, அடிப்புறத்தில் கொப்புளமாகப் புடைத்து, மாவு பூசியது போன்று வெளுத்துவிடுகிறது. அந்த மாவு, நோயை விளைவிக்கும் பூசணத்தின் வித்துகளேயாகும். காற்று அவற்றை அடுத்த செடிக்கும் அடுத்த மலைக்கும் கொண்டு செல்கிறது.

இதற்குக் கொப்புள நோய் என்று பெயர். 1868-ல் அஸ்ஸாமில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய், நெடுங்காலம் வடகிழக்கிலேயே தங்கியிருந்து, 1946-ல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒருங்கே பரவிற்று. அன்று முதல் மழைக்காலந்தோறும் இலைக்கு மருந்தடிப்பது தோட்ட வேலைகளுள் ஒன்றாகிவிட்டது. முதலில் தாமிர உப்புகள் பயன்பட்டன. பிற்காலத்தில் ஹெக்ஸகோனசோல், புரோப்பிகோனசோல் ஆகிய டிரையசோல் வகை இரசாயனங்கள் அவற்றுடன் சேர்ந்தன. தாமிரம் இலையின் மேற்பரப்பில் நின்று வித்து முளைப்பதைத் தடுப்பது. டிரையசோல் இலைக்குள்ளேயே ஊடுருவிச் சென்று, முளைத்துவிட்ட பூசணத்தையும் அடக்க வல்லது. ஆகவே அது தோட்டங்களில் வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை.

இக்கட்டுரை உண்மையில் தேயிலையைப் பற்றியதன்று. இரத்தப் புற்றுநோயாளரைத் தாக்கும் கொடிய பூசணத் தொற்றுகளைப் பற்றியது. ஆயினும் தேயிலையிலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. கொழுந்தைக் காக்கும் இரசாயனமும், புற்றுநோயாளியின் நுரையீரலைக் காக்கும் மருந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வுறவு மருத்துவர்களுக்கும் வேளாண்மை விஞ்ஞானிகளுக்கும் ஏற்படுத்தியுள்ள இடர்ப்பாடு சிறிதன்று.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காளான், பூஞ்சை, பூஞ்சணம், பூசணம் எனத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. பாடநூல்கள் பூஞ்சை என்கின்றன. காளான் என்றவுடன் குடை விரித்து நிற்கும் வடிவமே மனக்கண்முன் தோன்றும். ஊறுகாய் ஜாடியிலும் ஈரச் சுவரிலும் படர்வதை நம் வீடுகளில் பூசணம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். நாம் இங்குப் பேசப்போவதும் பெரும்பாலும் அந்த இனத்தைப் பற்றியே ஆதலால் அச்சொல்லையே கையாளுகிறோம்.

காற்றில் மிதக்கும் வித்துகள்

1729-ல் இத்தாலிய நாட்டுப் பாதிரியாரும் தாவர அறிஞருமான பியர் அந்தோனியோ மிக்கேலி, நுண்ணோக்கியின்கீழ் ஒரு பூசணத்தைக் கண்டார். தண்டின் நுனியில் உருண்டைத் தலையும், அதினின்று சிதறும் மணிகளுமாக இருந்த அத்தோற்றம், மாதாகோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை அவருக்கு நினைவூட்டிற்று. அக்கருவியின் பெயரையொட்டியே அதற்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயரிட்டார். இவ்வினத்தில் மனிதருக்கு மிகுந்த தீங்கு செய்வது, புகை நிறம் கொண்டதென்ற பொருளில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் எனப்படுகிறது.

இது நோய் செய்வதற்கென்றே தோன்றிய உயிரன்று. அழுகும் இலை, எருக்குழி, வைக்கோல், ஈர மரம் ஆகியவற்றை மக்கச் செய்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதே அதன் இயல்பான வேலை. எருக்குழியின் உட்புறம் 50 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிச் சூடேறினாலும் அது மடிவதில்லை. அவ்வளவு வெப்பத்தைப் பொறுக்கும் உயிருக்கு மனித உடலின் 37 டிகிரி ஒரு பொருட்டன்று. அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான் குறுக்களவே உடையது. தலைமயிரின் கனத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எனலாம். ஆகையால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேரே நுரையீரலின் கடைசி அறைவரை சென்றுவிடுகிறது. நாள்தோறும் நாம் ஒவ்வொருவரும் இவ்வித்துகளை நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஆயினும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. நுரையீரலின் காவல் உயிரணுக்கள் வித்துகளை விழுங்கிவிடுகின்றன. தப்பி முளைப்பவற்றை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள் சூழ்ந்து அழிக்கின்றன.

இரத்தப் புற்றுநோயில் சிதைந்துபோவது இந்தக் காவலேயாகும். எலும்பு மச்சையில் முதிர்ச்சியடையாத உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகி, நல்ல அணுக்கள் பிறக்க இடமில்லாமற் செய்துவிடுகின்றன. சோதனைத் தாளில் வெள்ளணுக்களின் தொகை இலட்சக்கணக்கில் காணப்பட்டபோதிலும், அவற்றுள் போரிடத் தெரிந்தவை மிகச் சிலவே. இதனோடு, நோயை ஒழிக்கக் கொடுக்கும் மருந்துகள் புற்றணுக்களோடு நல்ல அணுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. நியூட்ரோபில்கள் ஒரு கன மில்லிமீட்டரில் சாதாரணமாக 2,000-க்கு மேல் இருக்க வேண்டும். அது 500-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. 100-க்கும் கீழே இறங்கிப் பத்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டால் பேராபத்து. தீவிர எலும்பு மச்சைப் புற்றுநோயில் முதற்கட்டச் சிகிச்சையின்போது இந்நிலை இரண்டு மூன்று வாரங்கள் நீடிப்பது சாதாரணம். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நிணநீரணுப் புற்றுநோயிலோ, சிகிச்சையின் பகுதியாகவே தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் காவலை மேலும் தளர்த்துகின்றன.

இந்நிலையில் உள்ளே சென்ற வித்து, தடுப்பாரின்றி முளைக்கிறது. அதன் இழைகள் நுரையீரல் திசுவை ஊடுருவி இரத்தக் குழாய்களைத் துளைக்கின்றன. குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள, அப்பகுதி உயிரற்றுப் போகிறது. சில வேளை இழைகள் இரத்தத்தின் வழியே மூளைக்கும் செல்கின்றன. வெளியில் தெரியும் அறிகுறிகளோ மிகச் சொற்பம்: நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தும் நான்கைந்து நாட்களாகத் தணியாத காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிழுக்கும்போது மார்பில் குத்தல், பிறகு சளியில் இரத்தம். சீழ் பிடிப்பதற்கும் வீக்கம் தோன்றுவதற்கும் வெள்ளணுக்கள் வேண்டும்; அவை இல்லாத உடலில் கொடிய தொற்றும் மௌனமாகவே வளர்கிறது. சாதாரண எக்ஸ்ரே படம் தெளிவாக இருக்கையிலேயே, சி.டி. படத்தில் நிலவைச் சூழ்ந்த பரிவேடம் போன்ற மங்கிய வளையத்துடன் ஒரு கட்டி தெரியலாம். பூசணத்தின் சுவரிலிருந்து கசியும் காலக்டோமன்னன் என்னும் சர்க்கரைப் பொருளை இரத்தத்தில் தேடுவது மற்றொரு சோதனை. சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பூசணத்தை வளர்க்கும் பழைய முறை பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஏமாற்றிவிடுகிறது. எனவேதான் டாக்டர்கள் முழு நிரூபணத்திற்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஒன்றே பகையன்று. குடலிலும் வாயிலும் நம்முடனேயே வாழும் கேண்டிடா என்னும் ஈஸ்டு இனம், மருந்தேற்றும் குழாய்களின் வழியே இரத்தத்தில் புகுவதுண்டு. 2021-ல் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையின்போது, பெரும்பாலும் நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் உடையோரைத் தாக்கி, கருப்புப் பூஞ்சை எனப் பத்திரிகைகளால் பெயரிடப்பட்ட மியூக்கர் இனப் பூசணத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இரத்தப் புற்றுநோயாளரின் பழைய எதிரியே.

மண்ணிலிருந்து வந்த மருந்துகள்

பூசணத்தை அழிக்கும் மருந்துகள் கிடைப்பது எளிதன்று. பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதினின்று வெகுவாக வேறுபட்டது. ஆதலின் நம்மைத் தொடாமல் அதைக் கொல்லும் நஞ்சு கிடைக்கிறது. பூசணமோ உயிரணு அமைப்பில் நமக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்வது நம்மையும் ஓரளவு துன்புறுத்தவே செய்யும்.

1950-ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், வர்ஜீனியாவிலுள்ள ஒரு பண்ணை மண்ணிலிருந்து நிஸ்டாட்டினைக் கண்டறிந்தனர். வாய்ப்புண்ணுக்கும் குடலுக்கும் அது பயன்பட்டதேயன்றி, இரத்தத்தில் செலுத்த இயலவில்லை. தென் அமெரிக்காவில் ஓரினாக்கோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து 1955-ல் ஆம்ஃபோட்டெரிசின் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்காலம் கொடிய பூசணத் தொற்றுக்கு அதுவே பெருந்துணையாயிற்று. குளிர் நடுக்கமும் சிறுநீரகப் பழுதும் அதற்குச் செலுத்திய விலை. கொழுப்புத் துளிகளில் பொதிந்து தரப்படும் பிற்கால வடிவம் அத்துன்பத்தை வெகுவாகக் குறைத்தது. ஆனால் விலை கூடிற்று. 2021-ல் நாடெங்கும் இம்மருந்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு நினைவிருக்கும்.

இத்துறையில் நம் நாட்டின் பங்கைக் குறிப்பிடாமல் செல்வது முறையன்று. பூனாவை அடுத்த பிம்பிரியில் 1954-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில் எம். ஜே. திருமலாச்சார் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1960-களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்னும் பூசணக்கொல்லியைப் பிரித்தெடுத்தனர். நிறுவனப் பெயரின் முதலெழுத்துக்களே மருந்தின் பெயராயின. அவர்கள் கண்ட மற்றொரு பொருளான ஆரியோஃபங்கின், பயிர்களின் பூசண நோய்க்கு உதவிற்று. திருமலாச்சார் அடிப்படையில் தாவர நோய் இயல் வல்லுநர். ஒரே ஆய்வுக்கூடத்தில் மனிதருக்கு ஒன்றும் பயிருக்கு ஒன்றுமாகத் தனித்தனி மருந்துகள் கண்ட அந்த ஏற்பாடு, பின்னால் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கும்போது பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது.

அசோல் வகை மருந்துகள் இரசாயனச் சாலையில் பிறந்தவை. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்டிரால் இருப்பதுபோலப் பூசணச் சவ்வில் எர்கோஸ்டிரால் என்னும் பொருள் உள்ளது. அதை உண்டாக்கும் ஒரு நொதியை அசோல் தடுத்துவிடுகிறது; சவ்வு பலமிழந்து பூசணம் மடிகிறது. 2002-ல் வெளியான ஒரு பெரும் ஆய்வில், ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு வோரிகோனசோல் பெற்றவர்களுள் 71 சதவீதத்தினர் பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். ஆம்ஃபோட்டெரிசினில் தொடங்கியவர்களுள் 58 சதவீதத்தினரே இருந்தனர். 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வு, எலும்பு மச்சைப் புற்றுநோயாளருக்குப் போசகோனசோல் மருந்தை முன்கூட்டியே கொடுத்து வந்தால், கொடிய பூசணத் தொற்று 8 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைவதைக் காட்டிற்று. வாயால் உட்கொள்ளத்தக்க மருந்து என்பதும் சிறிய நன்மையன்று. எனினும் கவனம் தேவை. நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்பட்டு, குழந்தைகளின் நிணநீரணுப் புற்றுநோய்க்கு இன்றியமையாததாக விளங்கும் வின்கிரிஸ்டினோடு அசோல் சேர்ந்தால் நரம்புகள் பழுதுறும். மியூக்கர் இனத்திடம் வோரிகோனசோல் பலிப்பதுமில்லை.

மலையும் மருத்துவமனையும்

1990-களின் இறுதியில் நெதர்லாந்தில் அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் தோன்றலாயிற்று. நெடுநாள் மருந்து உண்ட நோயாளியின் உடலில் எதிர்ப்பு உண்டாவது புதிதன்று. ஆனால் இங்கோ, ஒருநாளும் அசோல் உட்கொண்டிராதவர்களிடமும் எதிர்ப்புடைய பூசணம் காணப்பட்டது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பூசணங்களில் ஒரே மரபணு மாற்றம் இருந்தது. அப்படியானால் எதிர்ப்பு பிறந்த இடம் நோயாளியின் உடலன்று, வெளியே மண்தான் என்று நிஜ்மேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் கருதினர். வயல்களிலும் மலர்த் தோட்டங்களிலும் தெளிக்கப்பட்ட டிரையசோல், தன் இலக்கான பயிர் நோயை மட்டுமன்றி, மண்ணில் அமைதியாக எரு மக்கச் செய்துகொண்டிருந்த ஆஸ்பெர்ஜில்லஸையும் தீண்டியிருக்கிறது. பலவீனமானவை மடிந்தன, மாறுதலுற்றவை பெருகின. பயிருக்கான டிரையசோல்களுள் பல, மருத்துவ டிரையசோலைப் போலவே அந்த நொதியோடு பொருந்தும் வடிவுடையவை. ஒரு பூட்டை மாற்றிக்கொண்ட பூசணத்திற்கு இரண்டு சாவிகளும் பயனற்றுப் போயின.

இந்தியாவில் இதை ஆராய்ந்தவர்கள் டில்லிப் பல்கலைக்கழகத்து வல்லபபாய் படேல் மார்பு நோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரியும் அவருடன் பணிபுரிந்தோருமாவர். 2012-ல் வெளியான அவர்களது ஆய்வில், சுற்றுப்புறத்தினின்று பிரித்தெடுக்கப்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ்களுள் 44, அதாவது 7 சதவீதம், டிரையசோலுக்கு அடங்காதவையாக இருந்தன. இடவாரியாகப் பார்த்தபோது முதலிடம் பெற்றது தேயிலைத் தோட்டத்து மண்; அங்கு 33 சதவீதம். மருத்துவமனைத் தோட்டத்துப் பூந்தொட்டி மண்ணிலும் இலவமரத்தடி மண்ணிலும் 20 சதவீதம்; நெல் வயலில் 12 சதவீதம். நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுகளின் காற்றிலேயே 7.6 சதவீதம் இருந்தது. மண்ணிலிருந்து கிடைத்தவையும் இந்திய நோயாளிகளிடமிருந்து கிடைத்தவையும் ஒரே மரபுவழியைச் சேர்ந்தவை என்பதும் புலனாயிற்று.

இவ்வெண்களைக் கண்டு கலக்கமடைய வேண்டியதில்லை. நம் நாட்டு நோயாளிகளிடம் எதிர்ப்புடைய பூசணம் இதுவரை சிறு அளவிலேயே காணப்பட்டுள்ளது. ஆனால் அது வந்துவிட்டால் விளைவு கடுமை. நெதர்லாந்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், மருந்துக்கு அடங்கும் பூசணத்தால் பாதிக்கப்பட்டோருள் ஆறு வாரத்தில் இறந்தவர் 28 சதவீதம். அடங்காத பூசணத்தால் பாதிக்கப்பட்டோருள் 49 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பூசணப் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் மிக அபாயகரமான முதல் வரிசையில் வைக்கப்பட்டதும் இதனாலேயே.

தேயிலைக்கு மருந்தே அடிக்கலாகாது என்று கூறுவார் இல்லை. கொப்புளம் கண்ட கொழுந்து தராசில் ஏறாது. அது ஏறாவிட்டால் லயங்களில் அடுப்பெரியாது. எனினும் ஒன்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இலைக்கு வேறு மருந்துகளும் வழிகளும் உண்டு. நுரையீரலுக்கு உள்ள மருந்துகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தாமிர உப்பு இன்னும் பலனளிக்கிறது. மழைக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெயில் புக விடுவது, கொழுந்தெடுக்கும் சுற்றைக் குறுக்கி நோயுற்ற இலை வித்து விடுமுன் அகற்றுவது, மழைக்காலத்து நடுவில் கவாத்துச் செய்வதைத் தவிர்ப்பது ஆகியவை செலவில்லாத காப்புகள். கொப்புள நோயின் வித்து வெயிலில் விரைவில் மடியுமாதலால், வெயில் நேரத்தைக் கணக்கிட்டு மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறைகள் இலங்கையிலும் ஜாவாவிலும் முன்பே வகுக்கப்பட்டன. நாட்காட்டியைப் பார்த்து அடிப்பதினும் வானத்தைப் பார்த்து அடிப்பது மருந்தை மிச்சப்படுத்தும். கவலைக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. எதிர்ப்புடைய ஆஸ்பெர்ஜில்லஸையும் கொல்லவல்ல ஒலோரோஃபிம் என்ற புதிய பொருள் மருத்துவச் சோதனைக்கு வந்த வேளையிலேயே, அதே முறையில் செயற்படும் இப்ஃப்ளூஃபெனோகுயின் என்னும் பயிர் மருந்துக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதியளித்தது. ஒரு முறை செய்த பிழையினின்று பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

இனி, நோயாளியின் வீடு. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பல மாதங்கள், சில வகைகளில் ஆண்டுகள், நீள்வது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலோ சென்னை அடையாற்றிலோ ஒரு சுற்று மருந்து முடித்த குழந்தை, அடுத்த சுற்றுக்கு இடையில் வீடு திரும்புகிறது. அவ்வீடு தேயிலைச் சரிவிலுள்ள ஒரு லயமாக இருக்கலாம். சுவரில் ஈரம்; திண்ணையில் விறகு; பின்புறம் கோழிக்கூடும் எருக்குழியும். இவற்றை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆயினும் இயன்றவை சில உள. எருவைக் கிளறுவதும், கோழிக்கூட்டைத் துப்புரவு செய்வதும், சுவரை இடித்துக் கட்டுவதும் நோயாளி இல்லாத வேளையில் நடைபெற வேண்டும். அறைக்குள் பூந்தொட்டி கூடாது. பூசணம் படர்ந்த சுவரைக் காய வைத்துத் துடைப்பது வேறொருவர் வேலை. மிளகுத்தூள் முதலியவற்றைக் கொதிக்கும் குழம்பில் சேர்க்கலாமேயன்றி மேலே தூவித் தருதல் ஆகாது. உலர்ந்த மசாலாப் பொருள்களிலும் வித்துகள் உண்டு. மருந்தடித்து வரும் தகப்பனார் உடை மாற்றிக் குளித்த பின்பே குழந்தையைத் தூக்குவது நல்லது. இது பூசணத்தை எண்ணி மட்டுமன்று, மருந்தின் நஞ்சை எண்ணியும் ஆகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது காய்ச்சல். மருந்துச் சுற்று முடிந்த நோயாளிக்கு உடல் வெப்பம் 38 டிகிரி, அதாவது நூறரை ஃபாரன்ஹீட் அளவை எட்டினால், அது இரவாயினும் மழையாயினும் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதும், காய்ச்சல் மாத்திரை கொடுத்து வெப்பத்தை மறைப்பதும் உயிருக்கே உலை வைக்கும். மூணாற்றிலிருந்து கோட்டயத்திற்கோ போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ செல்வது பல மணி நேர மலைப்பாதை. மண் சரிந்தால் அதுவும் அடைபடும். ஆதலால் முதல் ஊசிக்கு அருகிலுள்ள தோட்ட மருத்துவமனையை நாடுவதே விவேகம். புற்றுநோய் மையம் தந்த சிகிச்சைக் குறிப்பின் பிரதியொன்று எப்போதும் கையில் இருத்தல் வேண்டும். அதைக் காட்டும்போதே, தாம் தேயிலைத் தோட்டத்தில் வசிப்பதையும் டாக்டரிடம் கூற வேண்டும். சளியிலோ திசுவிலோ ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தால், அது அசோலுக்கு அடங்குமா என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க அத்தகவல் தூண்டும். அடங்காதெனில், கொழுப்புத் துளியில் பொதிந்த ஆம்ஃபோட்டெரிசினுக்குக் காலந்தாழ்த்தாது மாறலாம்.